நாலெழுத்துப் பொருத்தம்

மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனை பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாப்பிள்ளையில் இருந்துதான் தொடங்குவார்கள். அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸ் என்று ஒரு அம்மா. அவருடைய மகள் இசபெல், கல்லூரிக் காலத்தில் கிளாரன்ஸ் மையர்ஸ் என்ற பையனை விரும்பினார். சட்டம் படித்த பையன். பிரிக்ஸ் குடும்பமோ கற்பனை, புத்தகம், கனவு என்று வாழ்ந்த குடும்பம். வந்த மாப்பிள்ளை நேர் எதிர்: நிதானம், நடைமுறை, தகவல், ஒழுங்கு. நல்ல பையன்தான், ஆனால் நம்மில் யார் மாதிரியும் இல்லையே என்று மாமியாருக்கு ஆச்சரியம். 1918இல் கல்யாணம் நடந்தது. மனிதர்களை வகை பிரித்துப் பார்க்கும் ஆர்வம் காத்தரினுக்குத் தீவிரமானது இந்தக் காலத்தில்தான். 1923இல் கார்ல் யுங்கின் 'உளவியல் வகைகள்' ஆங்கிலத்தில் வந்ததும், தான் போட்டு வைத்திருந்த வகைப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு யுங்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மகள் இசபெல் அதைக் கேள்வித்தாளாக மாற்ற ஆரம்பித்தார். 1962இல் அது முறையாக வெளியிடப்பட்டது. சுருக்கமாக எம்பிடிஐ.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை நம்மை மாதிரி இல்லை என்றதும் 'வளர்ப்பு சரியில்லை' என்று முடிவு கட்டாமல், 'இவர் வேற மாதிரி ஆள் போல, எப்படின்னு பார்ப்போம்' என்று உட்கார்ந்து படிக்கத் தொடங்கிய மாமியார்கள் எந்த ஊரிலும் குறைவுதான்.

எம்பிடிஐ அறிவியல் இல்லை, டுபாக்கூர் என்று எழுதிய கட்டுரைகள் இணையத்தில் ஏராளம். அதையே இன்னொரு தடவை எழுதுவதில் எனக்கு ஆர்வமில்லை. நான் பார்க்க விரும்புவது குறுகலான ஒரு விஷயம். ஆட்டம் கண்டுவிட்ட ஒரு கல்யாணம் கவுன்சிலரிடம் வருகிறது. கவுன்சிலர் இரண்டு பேருக்கும் கேள்வித்தாள் கொடுத்து, ஆளுக்கு நாலெழுத்து எழுதித் தருகிறார். அந்த நாலெழுத்து அந்தக் கல்யாணத்துக்குள் போய் என்ன வேலை செய்கிறது?

முதலில் நாலெழுத்து என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வெளிமுகமா உள்முகமா (ஈ அல்லது ஐ), கண்ணால் காண்பதை நம்புகிறவரா உள்ளுணர்வை நம்புகிறவரா (எஸ் அல்லது என்), தர்க்கத்தால் முடிவெடுப்பவரா உணர்வால் முடிவெடுப்பவரா (டி அல்லது எஃப்), எதையும் தீர்மானித்து வைக்க விரும்புகிறவரா கடைசி வரை திறந்து வைக்கிறவரா (ஜே அல்லது பி). நாலு இரட்டைகள், ஆக மொத்தம் பதினாறு வகைகள். எதுவும் உயர்ந்ததில்லை, எதுவும் தாழ்ந்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இசபெல் மையர்ஸ் தன் வாழ்நாள் வேலையைத் தொகுத்து எழுதிய 'கிஃப்ட்ஸ் டிஃபரிங்' 1980இல், அவர் இறந்த வருஷமே வந்தது. அதில் கல்யாணத்துக்கென்று தனி அத்தியாயம் உண்டு. அன்பான அத்தியாயம் என்றே சொல்லுவேன். 1940களில் சோதனை எழுதிய 375 தம்பதிகளின் கணக்கை அதில் கொடுக்கிறார். தற்செயலாகச் சேர்ந்திருந்தால் நாலில் இரண்டு எழுத்து ஒத்துப்போகும், ஆனால் அதிகமாகக் காணப்பட்டது மூன்று ஒத்துப்போன ஜோடிகள்தான் என்கிறார். ஒத்தவர்கள் ஒத்தவர்களைத் தேடுகிறார்கள் என்பது அவர் கட்சி.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1978இல், டேவிட் கீர்சியும் மேரிலின் பேட்ஸும் எழுதிய 'ப்ளீஸ் அண்டர்ஸ்டாண்ட் மீ' வந்துவிட்டது. இந்தப் பதினாறு வகைகளைச் சாதாரண வாசகர் வீட்டுக்குள் கொண்டு போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கேள்வித்தாளும் புத்தகத்திலேயே இருக்கும், கவுன்சிலரே தேவையில்லை. கீர்சி எதிர்க்கட்சி. எதிரெதிர் ஆட்கள்தான் ஒருவரை ஒருவர் ஈர்க்கிறார்கள், ஈர்த்துக் கட்டிக்கொண்ட பிறகு எதிராளியைத் தன்னைப்போல் செதுக்கப் பார்க்கிறார்கள், சண்டையெல்லாம் அங்கேதான் என்கிறார். தன் சிலையையே காதலித்த கிரேக்கச் சிற்பி பிக்மாலியன் பெயரை அந்தச் செதுக்கல் வேலைக்கு வைத்தார். புத்தகத்தில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். கல்யாணமான யாருக்கும் உளியின் சத்தம் கேட்டிருக்கும்.

ஆனால் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகிறவர்கள் சேருகிறார்கள், ஒவ்வாதவர்கள் சேருகிறார்கள். இரண்டையும் கையில் வைத்திருக்கும் கவுன்சிலருக்கு விளக்க முடியாத தம்பதியே கிடையாது. மூன்றெழுத்து ஒத்துப்போய்ச் சண்டை வந்தால், 'இரண்டு பேருக்கும் ஒரே குருட்டுப் புள்ளி'. ஒன்றுமே ஒத்துப்போகாமல் சண்டை வந்தால், 'பேசும் பாஷையே வேற'. சண்டையே இல்லாவிட்டால் முதல் ஜோடியை 'ஒத்த மனசு' என்றும் இரண்டாவது ஜோடியை 'ஒருத்தரை ஒருத்தர் நிறைவு செய்றாங்க' என்றும் சொல்லிவிடலாம். இதை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம். நம் ஜாதகத்தில் கணப் பொருத்தம் என்று ஒன்று உண்டே: தேவ, மனுஷ, ராட்சஸ என்று மூன்று கணம். அதுவும் ஒரு வகையில் சுபாவப் பொருத்தம் பார்ப்பதுதான். பொருந்தாவிட்டால் அதற்கு ஒரு விலக்கு விதி, அந்த விதிக்கு இன்னொரு விலக்கு என்று போகும். ஒரு வித்தியாசம் உண்டு. ஜாதகத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம், நாலெழுத்து தினமும் சாப்பாட்டு மேஜைக்கு வருகிறது.

இதற்கும் முந்தைய ஒரு கதை இருக்கிறது, அதை விட்டுவிட முடியாது. கல்யாணக் கவுன்சிலிங்கில் ஆளுமைச் சோதனையைப் புகுத்தியது எம்பிடிஐ இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் 1930இல் 'அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபேமிலி ரிலேஷன்ஸ்' என்ற நிறுவனத்தை பால் பாப்பினோ தொடங்கினார். அமெரிக்காவில் திருமண ஆலோசனை என்ற தொழிலுக்கு முன்னோடிகளில் ஒருவர். அவர் உளவியல் படித்தவர் அல்ல. அதற்கு முன் அவர் புகழ்பெற்றது யூஜெனிக்ஸில், அதாவது 'நல்ல' மனிதர்கள் அதிகம் பெற்றுக்கொள்ள வேண்டும், 'தகுதியற்றவர்கள்' பெற்றுக்கொள்ளவே கூடாது என்ற கொள்கையில். கலிஃபோர்னியாவின் கட்டாயக் கருத்தடையை ஆதரித்து 1929இல் புத்தகமே எழுதினார். அவரும் ராஸ்வெல் ஜான்சனும் சேர்ந்து 1918இல் எழுதிய 'அப்ளைடு யூஜெனிக்ஸ்' கல்லூரிகளில் பாடப் புத்தகமாக இருந்தது. அதே ராஸ்வெல் ஜான்சன்தான் பின்னால் பாப்பினோவின் நிறுவனத்தில் சேர்ந்து, 1941இல் 'ஜான்சன் சுபாவப் பகுப்பாய்வு' என்ற கேள்வித்தாளை வெளியிட்டார். 1960களில் ராபர்ட் டெய்லரும் லூசில் மாரிசனும் அதைத் திருத்தினார்கள். டெய்லர்-ஜான்சன் என்ற பெயரில் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனைகளில், குறிப்பாகத் தேவாலயங்களில், பல பத்தாண்டுகள் ஓடியது.

தகுந்த ஆளும் தகுந்த ஆளும் சேர்ந்தால் குடும்பம் சரியாக இருக்கும், குடும்பம் சரியாக இருந்தால் இனம் சரியாக இருக்கும் என்ற கணக்கில் பிறந்த தாள் அது. அதற்காக அதைத் தூக்கிக் குப்பையில் போடலாமா என்றால், இங்கேதான் ஒரு வினோதம். அந்தத் தாளில் எம்பிடிஐயில் இல்லாத இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அதன் ஒன்பது அளவுகோல்களில் பதற்றம், மனச்சோர்வு, பகைமை, அடக்கி ஆளும் குணம், தன்னைக் கட்டுப்படுத்துதல் எல்லாம் உண்டு. பிடிக்காத விஷயங்களைக் கேட்க அது கூச்சப்படவில்லை. இரண்டாவது, 'க்ரிஸ்-கிராஸ்' என்று ஒரு முறை: கணவர் தன்னைப்பற்றி எழுதுவார், பிறகு அதே 180 கேள்விகளுக்கும் மனைவியைப்பற்றி எழுதுவார். மனைவியும் அப்படியே. ஆக நாலு தாள். 'நான் பொறுமைசாலி' என்று அவர் எழுதியிருக்க, அவரைப்பற்றி அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்பது பக்கத்திலேயே தெரியும்.

எம்பிடிஐயில் உங்களைப்பற்றி நீங்கள் சொன்னதுதான். வேறு சாட்சி கிடையாது.

எதுவும் உயர்ந்ததில்லை, எதுவும் தாழ்ந்ததில்லை என்ற வாக்கியத்துக்கு இப்போது வருவோம். இசபெல் மையர்ஸ் பிடிவாதமாகக் காப்பாற்றிய கொள்கை அது. மனிதரை மட்டம் தட்டாத சோதனை வேண்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. 1989இல் மெக்ரேயும் கோஸ்டாவும் எம்பிடிஐயை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஐந்து காரணி அளவையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எம்பிடிஐயின் நாலு அளவுகோல்களும் அந்த ஐந்தில் நாலோடு ஓரளவு பொருந்தின. ஐந்தாவது மட்டும் எம்பிடிஐயில் இல்லவே இல்லை. அதுதான் நியூரோட்டிசிசம். பேர் வியாதி மாதிரி ஒலிக்கும், வியாதி இல்லை. சட்டென்று கலங்குவது, சின்ன விஷயத்துக்குக் கோபமும் பயமும் பொங்குவது, பொங்கினது அடங்க நேரமாவது. எல்லோருக்கும் உள்ளதுதான், சிலருக்குக் கூடுதல்.

விட்டுப்போன அந்த ஒன்றுதான் கல்யாணத்துக்கு முக்கியம் என்பதுதான் சோகம். லோவெல் கெல்லி என்ற உளவியலாளர் 1930களில் நிச்சயதார்த்தம் ஆன 300 ஜோடிகளைப் பிடித்தார். அவர்களுடைய குணத்தை அவர்களிடமே கேட்காமல், அவர்களை அறிந்தவர்களிடம் மதிப்பிடச் சொன்னார். 1980களின் தொடக்கம் வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். அரை நூற்றாண்டு! 1987இல் கெல்லியும் கான்லியும் முடிவை வெளியிட்டார்கள். மணமுறிவையும் மனக்கசப்பையும் முன்கூட்டிச் சொன்ன குணங்களில் மேலே நின்றவை மூன்று: கணவரின் நியூரோட்டிசிசம், மனைவியின் நியூரோட்டிசிசம், கணவர் தன் உந்துதல்களை அடக்கத் தெரிந்தவரா என்பது. ஐயும் ஈயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்தக் கூட்டத்தில் இல்லை. 1995இல் கார்னியும் பிராட்பரியும் நூற்றுக்கு மேற்பட்ட நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஆளுமைக் குணங்களில் இதுவே முன்னால் நின்றது.

யாரையும் புண்படுத்தாமல் இருக்க, புண்படுத்துகிற குணத்தையே அளவையில் இருந்து எடுத்துவிட்டார்கள். அலுவலகப் பயிற்சி வகுப்பில் இது பரவாயில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகலாம். கவுன்சிலர் முன்னால் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு அந்தத் தாள் எதைச் சொல்லப்போகிறது?

சரி, குணப் பொருத்தம் என்ற எண்ணமே எவ்வளவு தாங்கும்? போர்ட்ஷியா டைரன்ஃபோர்த்தும் சக ஆய்வாளர்களும் 2010இல் ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டுத் தரவுகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றும் நாட்டு மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும் பெரிய மாதிரி. ஒருவருக்குத் தன் உறவில் உள்ள திருப்தி ஆளுக்கு ஆள் வேறுபடுவதில், சுமார் 6 சதவீதத்தை அவருடைய சொந்தக் குணம் விளக்கியது. துணையின் குணம் 1 முதல் 3 சதவீதம். இரண்டு பேர் குணமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதோ அரை சதவீதத்துக்கும் கீழே. பொருத்தம் என்று நாம் தேடி அலைவது அந்த அரை சதவீதத்துக்குள் இருக்கிறது. 2020இல் சமந்தா ஜோயலும் பால் ஈஸ்ட்விக்கும் இன்னும் பலரும் சேர்ந்து 43 தரவுத் தொகுப்புகளில் 11,196 ஜோடிகளை இயந்திரக் கற்றலில் போட்டார்கள். ஆய்வின் தொடக்கத்தில், உறவைப்பற்றிய கேள்விகள் (துணை என்னோடு உறுதியாக நிற்கிறாரா, என்னை மதிக்கிறாரா, சண்டை எவ்வளவு, படுக்கையறைத் திருப்தி) 45 சதவீதம் வரை விளக்கின. ஆளின் தனிப்பட்ட குணங்களும் மனநிலையும் 21 சதவீதம். நீ யார் என்பதைவிட நமக்குள் என்ன நடக்கிறது என்பது இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறது.

(சோதனையின் மற்ற குறைகள் நிறையவே பேசப்பட்டவை, வேகமாகக் கடந்துவிடுகிறேன். வெளிமுகம் உள்முகம் என்பதெல்லாம் உயரம் மாதிரி, பெரும்பாலானவர்கள் நடுவில்தான் நிற்கிறார்கள். நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் ஐ, அந்தப் பக்கம் ஈ என்றால், கோட்டுக்கு அருகே இருப்பவர் சில வாரம் கழித்து மறுபடி எழுதும்போது சுலபமாக மறுபக்கம் போய்விடுவார். போகவும் செய்கிறார்கள்.)

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாலெழுத்து வாங்கிய பல தம்பதிகள் 'எங்களுக்கு உதவியது' என்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, கல்யாணமாகி ஒன்பது வருஷம். கவுன்சிலிங் போன இரண்டாவது வாரமே அவருக்கு ஐஎஸ்டிஜே, அவளுக்கு ஈஎன்எஃப்பி என்று வந்தது. நாலெழுத்தும் எதிர். அவள் எனக்குப் போன் செய்தபோது குரலில் ஒரு விடுதலை இருந்தது. "அக்கா, அவர் வேணும்னு பண்ணலையாம். அவர் டைப்பே அப்படியாம்." சனிக்கிழமை திடீரென்று யாராவது வீட்டுக்கு வந்தால் அவர் முகம் ஏன் சுருங்கும் என்பதற்கு ஒன்பது வருஷமாக அவள் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம், 'என் சொந்தக்காரங்களைப் பிடிக்காது' என்பதுதான். இப்போது வேறு காரணம் கிடைத்தது. மூன்று மாதம் வீடு நன்றாக இருந்தது.

ஃபின்ச்சமும் பிராட்பரியும் 1980களில் இருந்து ஆராய்ந்தது இதைத்தான். துணை ஒரு தப்பு செய்தால் அதற்கு நாம் என்ன காரணம் கற்பிக்கிறோம்? சந்தோஷமாக இருக்கும் தம்பதிகள், 'இன்னிக்கு ஆபீஸ்ல ஏதோ தலைவலி' என்கிறார்கள். கசந்துபோனவர்கள், 'இந்த மனுஷன் எப்பவுமே இப்படித்தான், எல்லா விஷயத்துலயும் இப்படித்தான், வேணும்னே செய்றார்' என்கிறார்கள். காரணம் அவருக்குள்ளேயே இருக்கிறது, மாறாது, எங்கும் பரவியது, உள்நோக்கம் உள்ளது.

இப்போது நாலெழுத்தை இந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். 'வேணும்னே செய்றார்' என்பதை அது எடுத்துவிடுகிறது. அந்த நிம்மதி நிஜம், மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் 'எப்பவுமே', 'எல்லாத்துலயும்' என்ற மற்ற இரண்டையும் எடுக்கவில்லை. அவற்றை உறுதிப்படுத்தி, அச்சடித்து, கவுன்சிலர் கையெழுத்தோடு கொடுக்கிறது. இவர் இப்படிப்பட்ட வகை, பிறவியிலேயே இப்படி, வீட்டிலும் வெளியிலும் இப்படி. மனக்கசப்பு கட்டிவைத்திருக்கும் வீட்டின் மூன்று சுவரில் ஒன்றை இடித்துவிட்டு மற்ற இரண்டுக்கும் சிமென்ட் பூசுவது மாதிரி.

அந்தத் தம்பதிக்கும் அதுதான் நடந்தது. அவளுடைய அப்பா ஒரு நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலையில்தான் இவர் போனார். கேட்டதற்குச் சொன்ன பதில்: "சட்டுன்னு ப்ளான் மாறினா எனக்கு வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே. மேடமே சொன்னாங்கல்ல." கவுன்சிலிங்குக்கு முன்னால் அவர் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது. மன்னிப்பாவது கேட்டிருப்பார், இல்லை சண்டையாவது போட்டிருப்பார். இரண்டிலும் அவர் நடத்தை பேசப்பட்டிருக்கும். நாலெழுத்து வந்த பிறகு பேச ஒன்றுமில்லாமல் போயிற்று, ஒரு எழுத்தோடு யார் சண்டை போடுவது? எம்பிடிஐ பயிற்சி தருபவர்களே 'வகையைச் சாக்காகச் சொல்லாதீர்கள்' என்று எச்சரிப்பார்கள். வாஸ்தவம். ஆனால் சாக்காகப் பயன்பட அதைவிடத் தோதான பொருளை நான் பார்த்ததில்லை.

இந்தச் சாக்கு இரண்டு பேருக்கும் சமமாகவும் கிடைப்பதில்லை. டி-எஃப் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். தர்க்கம், உணர்வு. நாலு அளவுகோல்களில் ஆண் பெண் வித்தியாசம் தெளிவாகத் தெரிவது இதில்தான். ஆண்கள் டி பக்கம், பெண்கள் எஃப் பக்கம் சாய்வார்கள். இசபெல் மையர்ஸ் இதைச் சமாளிக்க, இந்த ஒரு அளவுகோலுக்கு மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மதிப்பெண் முறை வைத்தார். 1998இல் புதிய படிவம் வரும்வரை அப்படித்தான் இருந்தது. அதாவது ஒரே பதில்களை எழுதிய ஆணும் பெண்ணும் வேறு வேறு எழுத்து வாங்க முடியும். ஊர் வளர்த்த பழக்கத்தையும் பிறவிச் சுபாவத்தையும் பிரிக்க முடியாமல் தடுமாறிய இடம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. கவுன்சிலிங் அறையில் இந்தத் தடுமாற்றம் எப்படி முடியும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அவர் டி, அதனால் ஆறுதல் சொல்ல வராது. அவள் எஃப், அதனால் புரிந்துகொள்ளும் சக்தி அவளுக்குத்தான் இயல்பாகவே அதிகம். ஆகவே யார் அனுசரித்துப் போவது?

அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைப்பது, போனைச் சோதிப்பது இருக்கும் வீடுகளில் இது இன்னும் மோசம். ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதை 'இருவருக்கும் இடையிலான வித்தியாசம்' என்று இந்தச் சட்டகம் மாற்றிவிடும். ஜே எழுத்துக்காரர் ஒழுங்கை விரும்புகிறவர்; எல்லாச் செலவுக்கும் மனைவியிடம் ரசீது கேட்பவரும் தன்னை ஜே என்றே எழுதிக்கொள்வார். உயர்வு தாழ்வு இல்லாத பதினாறு பெட்டிகளில் 'இவர் உன்னைப் பயமுறுத்துகிறார்' என்று சொல்ல ஒரு பெட்டி இல்லை. எந்தக் கேள்வித்தாளுக்கும் முன்னால் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டில் பயம் இருக்கிறதா என்று கேட்காத கவுன்சிலரிடம் போகாதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. தாழ்மை கூட இல்லை, உறுதியான கருத்து.

அப்படியானால் குண வித்தியாசத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். அதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். நீல் ஜேக்கப்சனும் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் 1990களில் உருவாக்கிய தம்பதி சிகிச்சை முறை ஒன்று உண்டு. மாற்ற முடிவதை மாற்று, முடியாததை ஏற்றுக்கொள்ள வழி பார் என்பது அதன் போக்கு. அங்கேயும் முதல் கேள்வி, நீங்கள் இருவரும் எதில் வித்தியாசமானவர்கள் என்பதுதான். ஆனால் அதோடு நிற்பதில்லை. அந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு வலிக்கிறது, அதாவது எந்தப் பழைய புண்ணில் படுகிறது? வெளியில் இருந்து என்ன அழுத்தம், கடனா, வேலையா, மாமனார் மாமியார் உடம்பா? இவை சேர்ந்து இருவரையும் எந்தச் சுழலில் சுற்றவைக்கின்றன, அவள் கேட்க அவர் ஒதுங்க, அவர் ஒதுங்க அவள் இன்னும் கேட்க? நாலில் ஒன்றுதான் சுபாவ வித்தியாசம். அதுவும் பதினாறில் ஒன்றாக வராது, அந்தத் தம்பதியின் சொந்த வார்த்தையில்தான் வரும்.

134 தம்பதிகளை வைத்து, லாஸ் ஏஞ்சலிஸிலும் சியாட்டிலிலும், வழக்கமான நடத்தைச் சிகிச்சையோடு இந்த முறையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோருமே கடுமையாகவும் நாள்பட்டும் கசந்துபோனவர்கள். ஐந்து வருஷம் கழித்து இரண்டு பிரிவிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் கணிசமாகத் தேறியிருந்தார்கள், நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிரிந்திருந்தார்கள். முதல் முறைக்குப் பெரிய வெற்றிக்கொடி எதுவும் இல்லை. ஆனால் எத்தனை பேருக்கு உதவியது, எத்தனை பேருக்கு உதவவில்லை என்று ஐந்து வருஷம் காத்திருந்து எண்ணி, பிரிந்தவர்களையும் சேர்த்துச் சொன்னார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை விருந்தாளி விஷயத்தையே இந்த முறையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் சின்ன வயசில் கூட்டுக் குடும்பத்தில், தனக்கென்று ஒரு மூலை கூட இல்லாமல் வளர்ந்தவர். அவள் அப்பா வீட்டில் வாசல் கதவு பகலில் சாத்தியதே இல்லை. இரண்டும் எனக்கே தெரியும். கவுன்சிலர் கேட்டிருந்தால் அரை மணியில் வெளியே வந்திருக்கும். 'விருந்தாளி வந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அவர் உள்ளே போகலாம், அவள் அதற்கு மூஞ்சியைத் தூக்க மாட்டாள். ஆஸ்பத்திரி என்று போன் வந்தால் இந்தச் சலுகை கிடையாது' என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கலாம். 'ஆஸ்பத்திரிக்குக் கிடையாது' என்ற அந்த இரண்டாவது பாதியை ஐஎஸ்டிஜே என்ற நாலெழுத்தில் இருந்து யாரும் வருவிக்க முடியாது.

உங்கள் கவுன்சிலர் நாளைக்கு ஒரு தாளை நீட்டினால் மறுக்க வேண்டாம், எழுதுங்கள், சுவாரசியமாகத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் இன்னொரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அந்தப் பழைய லாஸ் ஏஞ்சலிஸ் ஆட்கள் செய்தது போல, அதே கேள்விகளுக்கு உங்கள் துணையைப்பற்றி எழுதுங்கள். அவரையும் உங்களைப்பற்றி எழுதச் சொல்லுங்கள். கூட்டி எழுத்தாக்க வேண்டாம். எந்தெந்தக் கேள்வியில் இரண்டு தாளும் முட்டிக்கொள்கின்றன என்று மட்டும் சேர்ந்து பாருங்கள். கவுன்சிலருக்குக் கொடுக்கிற மீதி நேரத்தை அந்தக் கேள்விகளுக்குச் செலவழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.